கையில் இருக்கும் காசுக்குள் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடைக்காரன் இல்லை. தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கிற வேலை. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், தங்கையின் கல்லூரித் தோழிகள் என்று மாதம் ஒருவருக்காவது மெஷின் பூட்டித் தந்துகொண்டிருக்கிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்த பிறகு எழுதி வைத்தது இது. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பாகங்களின் விலையை எங்கும் போடவில்லை. இன்றைக்குப் போட்டால் அடுத்த வாரம் பொய்யாகிவிடும்.

"அண்ணா, கையில 40 ஆயிரம்தான் இருக்கு. மானிட்டரோட சேர்த்து முடியுமா?"

முயற்சி செய்யலாம். திரைக்குப் படம் வரைந்து தரும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது, கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரியாது. படிப்பு, கோடிங், போட்டோ வேலை, சின்னச் சின்ன கேம்கள் எல்லாம் தாராளமாக ஓடும்.

ஒரே தொல்லை ராம் (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) விலை. 2025 கடைசியிலிருந்து ராமும் எஸ்.எஸ்.டி.யும் (ஃபைல்களைச் சேமிக்கும் சிப் டிரைவ்) கிடுகிடுவென ஏறிவிட்டன. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் முதல் போனில் "16 ஜிபி டிடிஆர்4 இன்னைக்கு என்ன ரேட்?" என்று கேளுங்கள். டிடிஆர்4 என்பது ராமின் தலைமுறை. மீதிக் கணக்கை அதற்குப் பிறகு போடலாம்.

"எதுக்கு இந்தத் தலைவலி? பேசாம ஒரு பிராண்டட் சிஸ்டம் வாங்கிடலாமே?"

டேலி, தட்டச்சு, இணையம் இவ்வளவுதான் வேலை என்றால் நீங்கள் சொல்வதே சரி. கம்பெனிகள் கழித்துக்கட்டும் டெஸ்க்டாப்புகளைத் துடைத்து விற்கிறார்கள். அதில் ஒன்று போதும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் எடுக்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு அதுதான் கீழ்வரம்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது.

அந்தப் பெட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மதர்போர்டும் (எல்லாப் பாகமும் உட்காரும் பலகை) அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். நாளைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு போட ஆசை வந்தால் பெட்டி இடம் கொடுக்காது.

"எதை முதல்ல முடிவு பண்றது? எல்லாரும் பிராசஸர்னு சொல்றாங்க."

நான் வேறு மாதிரி பிரிப்பேன். பின்னால் காசு வரும்போது சேர்த்துக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம்: கிராபிக்ஸ் கார்டு, இரண்டாவது எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க், நல்ல கீபோர்டு. மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்ற வேண்டியவை மறுபக்கம்: மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஓரளவுக்கு பிராசஸர். இன்றைக்கு இருக்கிற காசை இரண்டாவது பக்கத்தில் போடுங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டில் காசைக் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கும் சில்லறைக்கு எஸ்.எம்.பி.எஸ். தேடுகிறார்கள்.

"ஐ5 தானே? அப்ப ஐ3-ஐ விட நல்லதாத்தானே இருக்கும்?"

எந்த வருஷத்து ஐ5 என்று கேளுங்கள். "ஐ5, 8 ஜிபி, எஸ்.எஸ்.டி., ஃபுல் செட்" என்று மலிவாகக் கூவி விற்பதைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் 3-ஆம் தலைமுறைதான் இருக்கும். உதாரணத்துக்கு ஐ5 3470. அது 2012-இல் வந்தது. 4 கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைகள்). 2022-இல் வந்த ஐ3 12100-க்கும் 4 கோர்தான், ஆனால் 8 த்ரெட். ஒவ்வொரு கோரும் பழையதைவிட மிகவும் சுறுசுறுப்பு. பத்து வருஷ வித்தியாசத்தை 3, 5 என்ற எண்கள் சொல்லாது.

அந்தச் செட்டில் இருக்கும் எச்61 என்ற மதர்போர்டு புத்தம் புதிதாக, பெட்டியோடு, வாரண்டியோடு கூட வரும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். போர்டு நேற்றுச் செய்ததாக இருந்தாலும் அதில் உட்காரும் பிராசஸர் பழையதுதான். மேலே சொன்ன விண்டோஸ் 11 வரம்புக்குள் அது வராது.

"பேருக்குப் பின்னாடி எஃப், ஜின்னு எழுத்து வருதே, அது என்ன?"

அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கி, திரையில் ஒன்றும் வராமல் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் (ஐ3 12100எஃப் மாதிரி) உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் படம் வராது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எஃப் இல்லாத 12100-இல் கிராபிக்ஸ் உண்டு.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி.யின் ஏஎம்4 வரிசையில் (பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் அது) கணக்கு வேறு. அங்கே ஜி இருந்தால்தான் படம் வரும். ரைசன் 5 5600ஜி-யில் வரும், வெறும் 5600-இல் வராது. கார்டு இல்லாமல் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் அதிகம் பூட்டித் தந்தது 5600ஜி-தான். 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ், பெட்டிக்குள்ளேயே கூலர் (சூட்டைத் தணிக்கும் விசிறி).

கடையில் "ட்ரே பீஸ் சார், ரேட் கம்மி" என்பார்கள். பெட்டியில்லாமல் மொத்தமாக வரும் சரக்கு அது. கூலர் வராது. பெட்டியில் வருவதற்கு உள்ள மூன்று வருஷ வாரண்டியும் இருக்காது, கடைக்காரர் வாய்வார்த்தைதான். கூலருக்குத் தனியாகக் காசு கொடுத்தால் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சல்லிசா கிடைக்குது. போட்டுக்கலாமா?"

வேண்டாம். சல்லிசாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜிடி 730. 2014 சரக்கு. அதற்கு 4 ஜிபி மெமரி ஒட்டிக் கொடுப்பது, சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுவது மாதிரி. 5600ஜி-க்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைவிட வேகமானது. ஜிடி 730-ஐப் போட்டால் காசு கொடுத்து மெஷினை மெதுவாக்கியதாக ஆகும்.

"16 ஜிபி ஒரே ஸ்டிக்கா போடறதா, ரெண்டு 8 போடறதா?"

தனிக் கார்டு இல்லாத மெஷினுக்கு இரண்டு 8-தான். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரி கிடையாது. ராமில்தான் அது பிழைக்க வேண்டும். டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுபோகும், இரண்டாக இருந்தால் 51.2. என் மச்சான் மெஷினில் முதலில் ஒரு 8 மட்டும் போட்டுக் கொடுத்தேன். கேம் திக்கித் திக்கி ஓடியது. அடுத்த மாதச் சம்பளத்தில் அதே மாதிரி இன்னொன்று வாங்கிச் செருகினோம். வேறு எதையும் தொடவில்லை. "மாமா, புதுசா கார்டு வாங்கிப் போட்டியா?" என்று கேட்டான்.

காசு இடிக்கிறது என்றால் அவனுக்குச் செய்த மாதிரியே இப்போது ஒரு 8, பிறகு இன்னொரு 8. ஆனால் 8-இல் ஒன்றோ இரண்டோ ஜிபியை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மாதம் குரோமில் முப்பது டேப் திறக்காமல் இருங்கள். இரண்டாவதை வாங்கும்போது முதல் ஸ்டிக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அதே கம்பெனி, அதே வேகமாகப் பார்த்து வாங்கலாம்.

"512 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கினேன், 476-தான் காட்டுது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

பாவம், அவர் மேல் தப்பில்லை. கம்பெனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுக்கிறது. 500 ஜிபி வாங்கினால் 465 காட்டும்.

கடையில் சாட்டாவா, என்விஎம்இ-யா என்று கேட்பார்கள். எஸ்.எஸ்.டி.யைப் போர்டோடு இணைக்கும் இரண்டு முறைகள் அவை. சாட்டா நொடிக்கு 550 எம்பி வரை போகும், சாதாரண என்விஎம்இ 3500 வரை போகும். தினசரி வேலையில் அவ்வளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் என்விஎம்இ எடுங்கள், கேபிள் மிச்சம். விண்டோஸை ஹார்டு டிஸ்கில் போடுவதை மட்டும் மறந்துவிடுங்கள். பழைய டிஸ்க் இருந்தால் படங்கள் வைக்க உதவும்.

"கேபினெட்டோடயே 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வருதே, அது போதாதா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பையனின் மெஷினைத் திறந்தேன். எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிய எழுத்தில் 450. பக்கவாட்டில் சின்ன ஸ்டிக்கர். டார்ச் அடித்துப் படித்தேன். 12 வோல்ட் கம்பிக்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 168 வாட். இன்றைய பிராசஸரும் கார்டும் கரண்ட் எடுப்பது அந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதே இடத்தில் 34, 36 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 400 வாட்டுக்கு மேல் வரும். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், மலிவானது காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருக்கும்.

நியாயமாகச் சொன்னால் 5600ஜி முழு வேகத்தில் ஓடினாலும் 88 வாட்தான் எடுக்கும். அதனால் அந்த 168 முதல் நாளே காலை வாராது. ஆறு மாதம் ஓடும். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது தன்னை அணைத்துக்கொள்ளத் தெரியாது என்பதுதான் பயம். சாகும்போது தனியாகச் சாகாமல் போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பையனுக்கு போர்டு போனது.

80 பிளஸ் முத்திரை பற்றியும் கேட்கிறார்கள். எடுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கான அளவு அது. பாதிச் சுமையில் வெறும் 80 பிளஸ் என்றால் 80 சதவீதம், ப்ரோன்ஸ் (வெண்கலம்) என்றால் 85. பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்லை. ஆனாலும் முத்திரை வாங்கும் அளவுக்குச் செய்கிறவர்கள் உள்ளே ஒழுங்கான பாகம் போடும் வாய்ப்பு அதிகம். பெயருள்ள கம்பெனி, 450 அல்லது 550 வாட் ப்ரோன்ஸ், குறைந்தது மூன்று வருஷ வாரண்டி. இதற்குக் கீழே நான் இறங்குவதில்லை.

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே, தனியா யு.பி.எஸ். வேணுமா?"

சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, பின்பக்கம் யு.பி.எஸ். மோட் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அந்த மோடில் மாறுகிற நேரம் பத்து மில்லி செகண்ட் அளவில்தான் இருக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும். கேபினெட்டோடு வந்தது பெரும்பாலும் தாங்காது, கரண்ட் போன நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் நான் கம்ப்யூட்டரை அதில் மாட்டமாட்டேன்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 600 விஏ யு.பி.எஸ். போதும். 600 என்றால் வாட் கணக்கில் சுமார் 360. கார்டு இல்லாத மெஷினையும் மானிட்டரையும் பத்து நிமிஷம் தாங்கும், ஃபைலை சேவ் செய்து அணைத்துவிடலாம். பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

"பழைய டிவியவே மானிட்டரா வச்சுக்கவா?"

கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். 32 இன்ச் டிவிகள் நிறைய 1366க்கு 768 தான். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் படித்தால் கண் வலிக்கும்.

"எச்610, ஏ520 போர்டெல்லாம் மட்டமானதுன்னு வீடியோல சொல்றாங்களே?"

ஓவர்கிளாக் (பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யாதவருக்கு அவை மட்டமில்லை. பார்க்க வேண்டியது வேறு. எச்610-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ராம் மாறிச் செருகாது. என்விஎம்இ இடம் இருக்கிறதா, ராம் ஸ்லாட் இரண்டாவது இருக்கிறதா என்று பெட்டிப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

பழைய இருப்பில் கிடந்த பி450 போர்டை 5600ஜி-யோடு சேர்த்து வாங்கினால் இன்னொரு வம்பு உண்டு. பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) பழையதாக இருந்தால் அது அந்த பிராசஸரை அடையாளமே தெரிந்துகொள்ளாது. "பயாஸ் அப்டேட் பண்ணிக் கொடுங்க" என்று கடையிலேயே கேட்டு, திரையில் படம் வந்ததைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"ஏஎம்4 செத்துப்போன சாக்கெட்டாமே. ஏஎம்5 எடுத்துடலாமா?"

2016-இல் தொடங்கியது ஏஎம்4. 2024-இல் கூட அதற்குப் புது பிராசஸர் விட்டார்கள். இனிப் பெரிதாக எதுவும் வராது என்பது உண்மைதான். ஏஎம்5-க்கு எதிர்காலம் உண்டு, ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான் செருகும், போர்டும் விலை கூடுதல். 60 ஆயிரம் இருந்தால் நானே ஏஎம்5 என்பேன். 40-க்குள் அதை நுழைத்தால் எங்கே வெட்டு விழும்? எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான். அதற்கு ஏஎம்4-இலேயே இருந்து, நாலு வருஷம் கழித்து எட்டு கோர் பழைய பிராசஸர் ஒன்றைத் தேடி மாட்டிக்கொள்வது மேல்.

"அடுத்த வருஷம் கார்டு போடுவேன். இப்பவே என்ன பார்த்து வைக்கணும்?"

5600ஜி-யில் பிசிஐஇ (கார்டு பிராசஸரோடு பேசும் பாதை) 3.0 தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டுகள் 4 வழிகளை மட்டும் பயன்படுத்துகின்றன, 3.0-இல் மூச்சு திணறும். அதன் 4 ஜிபி மெமரியும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆர்எக்ஸ் 6600-க்கு 8 வழி, 8 ஜிபி, இழப்பு குறைவு. அது 132 வாட் எடுக்கும், ஓர் 8 முள் கேபிள் கேட்கும். மேலே சொன்ன எஸ்.எம்.பி.எஸ். இன்றைக்கே இருந்தால் அன்றைக்குக் கார்டு செலவோடு முடியும். கேபினெட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். நம் ஊர் ஏப்ரலுக்கு அது வேண்டும்.

"பழைய கார்டு வாங்கலாமா? மைனிங்ல ஓடினதுன்னு பயமுறுத்துறாங்க."

மைனிங் என்றால் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் அந்த முறையைக் கைவிட்டதும் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தேய்ந்திருப்பது விசிறிதான். உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் "2048எஸ்பி" என்று கூடவே எழுதியிருந்தால் அது 580-இன் சட்டை போட்ட 570. அந்த எண் கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னக் கோர்களின் எண்ணிக்கை; அசல் 580-க்கு 2304. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பழைய எஸ்.எஸ்.டி.யும் வாங்காதீர்கள். பழைய பிராசஸர், கேபினெட், மானிட்டர் தாராளமாக வாங்கலாம்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மிச்சம்தானே?"

மெஷின் ஓடுகிற வரைக்கும் மிச்சம். போர்டு போன பையனைப் பற்றிச் சொன்னேனே, அவன் போர்டுக்கு வாரண்டி காலம் இன்னும் பாக்கி இருந்தது. பில் இல்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு பேச்சுக்குக்கூட நிற்க முடியவில்லை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்கட்டும். "கம்ப்யூட்டர் செட், ஒன்று" என்று மொத்தமாக எழுதினால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

"நானே பூட்டிடலாமா? எதையாவது உடைச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

பூட்டலாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் மூன்று மணி நேரமும் போதும். நானும் உடைத்திருக்கிறேன். ஏஎம்4 பிராசஸருக்கு முள் எல்லாம் அடிப்பக்கம் இருக்கும். ஒரு தடவை பழைய கூலரை நேராக மேலே இழுத்தேன். சூடு கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு, பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு ஓரத்தில் ஏழெட்டு முள் சாய்ந்து கிடந்தன. லீடு எடுத்த மெக்கானிக்கல் பென்சில் முனையை ஒவ்வொரு முள்ளிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பிழைத்தது. அதிலிருந்து மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இட வலமாக மெல்லத் திருகித்தான் எடுக்கிறேன். எச்610 மாதிரி இன்டெல் போர்டிலும் ஏஎம்5-இலும் முள் சாக்கெட்டில் இருக்கும். அங்கே வளைந்தால் போவது போர்டு.

"எல்லாம் மாட்டியாச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரை கறுப்பாவே இருக்கு. போச்சா?"

பெரும்பாலும் ஒன்றும் போயிருக்காது. முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கார்டு இருந்தால் கார்டில், இல்லையென்றால் போர்டில். அடுத்து பிராசஸர் எஃப் வகையா என்று பாருங்கள். பிறகு போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான தனி பவர் கேபிள்; முதல் தடவை பூட்டுகிறவர்கள் மறப்பது அதைத்தான்.

மூன்றும் சரி என்றால் ராமைக் கழற்றி, ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் "டக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பயந்து பயந்து அழுத்தினால் பாதிதான் இறங்கும். அப்போதும் வராவிட்டால் பி450 பயாஸ் கதையாக இருக்கலாம், போர்டைக் கடைக்கே எடுத்துப் போக வேண்டியதுதான்.

படம் வந்துவிட்டால் பயாஸுக்குள் ஒரு முறை போய் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2400-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு "டூப்ளிகேட் ராம் கொடுத்துட்டாங்க அண்ணா" என்று போன் செய்தவர்கள் இதுவரை நாலு பேர்.